இடப்பக்கக் கம்பி

அவர் குனிந்து கம்பியைத் தொட்டார்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. இது இல்லை.

"நல்லாப் பாருங்க. பழைய ஜாவா பைக்கோட வந்த சாரி கார்டுதானுங்க. துருக்கூட ஏறல," என்றான் காளியப்பன்.

அவர் விரல்களைக் கம்பியின் மேல் ஓட்டினார். கீழ் வளைவில் வெல்டிங் தழும்பு இருக்க வேண்டும். வரிசையாக மூன்று பொட்டு. உக்கடத்து வெல்டிங் பட்டறையில் அவரே பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது.

வழுவழுவென்று இருந்தது.

"இது இல்லீங்க."

காளியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், எங்கே பழைய வண்டி ஷோ நடந்தாலும் தார்ப்பாய் விரித்துப் பாகங்களைப் பரப்பி உட்காருகிறவன் அவன். டேங்குக்கு வருவார்கள். கார்புரேட்டருக்கு வருவார்கள். ஒரு பழைய ஹெட்லைட்டுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறான்.

சாரி கார்டை எவன் கேட்பான்?

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவன் முதலில் கழற்றி எறிவதே அதைத்தான். பின்சக்கரத்தின் இடப்பக்கம் ஒரு கம்பித் தடுப்பு. ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. அழகும் இல்லையாம்.

"எட்டு வருசமா நானும் கொண்டாந்து காட்டறன். நீங்களும் இது இல்லை, இது இல்லைங்கறீங்க. கம்பி கம்பிதானுங்களே. எந்தச் சேலைக்கும் ஆகும்."

அவர் கம்பியைத் தார்ப்பாயிலேயே வைத்தார். எழுந்து நடந்தார்.

கழற்றி எறிந்தவர்களில் அவரும் ஒருவர்.

"கோழிக்கூண்டைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டறியேடா," என்று ஒரு நண்பன் சிரித்தான். போதாதா? இரண்டு போல்ட். இரண்டு நிமிஷம். பழைய இரும்புக்காரனின் கூடையில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலை, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வந்து நின்றாள் சாந்தாமணி. மாம்பழக் கலர் பட்டு. கட்டி ஒரு வருஷம் ஆகாத மனைவி. வண்டியைப் பார்த்தாள்.

"கம்பி எங்கீங்க?"

"சேலையை இறுக்கிப் பிடிச்சுக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாவி.

பிடித்துக்கொண்டுதான் வந்தாள். சூலூர் தாண்டியதும் ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டது. அவள் சேலையை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்தாள்.

முந்தானையைச் சக்கரம் இழுத்தது. அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷம் ஆயிற்று. இன்றும் பஸ் ஒரு குலுக்குக் குலுங்கினால் வலது தோளில் ஐந்து விரல்கள் வந்து இறுகும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

வண்டியை அந்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டார். வண்டி இல்லாதவனுக்குக் கம்பி எதற்கு? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கம்பி, தான் கழற்றிய அதே கம்பி, ஒருதரம் கைக்குத் திரும்பி வந்துவிட்டால் அந்தக் காலை இன்னும் விடியவில்லை என்று ஆகிவிடும். பைத்தியக்கார நினைப்புதான். அவருக்கும் தெரியும். ஆனாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் எப்போதும் இருக்கும்.

மேடைப் பக்கம் கைதட்டல் கேட்டது.

முதல் பரிசு ஒரு ஜாவாவுக்கு. முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஓட்டுகிறவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. போட்டோவுக்காக மனைவியைப் பின்னால் உட்கார வைத்திருந்தான். பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை. ஒருபக்கமாக உட்கார்ந்து கோப்பையை உயர்த்திக் காட்டினாள்.

"இப்படியே வீட்டுக்குப் போலாமுங்க," என்றாள். கோப்பையைப் பக்கத்தில் நின்ற தன் தம்பி கையில் கொடுத்தாள். கணவன் கிக்கரை உதைத்தான்.

இடப்பக்கம் மொட்டையாக இருந்தது.

சக்கரத்தை ஒட்டி முந்தானை ஆடியது.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. வண்டிக்கு முன்னால் நின்றார்.

"கம்பி எங்க?"

"என்னங்க?"

"சாரி கார்டு, தம்பி. எங்க அது?"

"அதுங்களா? லுக்கைக் கெடுக்குதுன்னு கழட்டிட்டனுங்க."

"நான் சேலையைப் பிடிச்சுக்குவனுங்க," என்றாள் அந்தப் பெண், சிரித்தபடி.

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பிடிக்க மாட்டே கண்ணு. நீ அவனைத்தான் பிடிப்பே."

சிரிப்பு நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வண்டியை விட்டு இறங்கி நின்றாள்.

"ஏய், என்ன..." என்றான் கணவன்.

"இருங்க."

அவர் காளியப்பனின் தார்ப்பாய்க்கு மூச்சிரைக்க வந்தார்.

"அதைக் குடுங்க."

"இது இல்லைன்னீங்க?"

"குடுய்யா!"

காளியப்பன் எடுத்துக் கொடுத்தான். கேட்காமலே இரண்டு போல்ட்டையும் கையில் வைத்தான்.

மண்ணில் மண்டியிட்டு மாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட் இரண்டு தடவை கீழே விழுந்தது. இளைஞன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தழும்பில்லாத கம்பி. யாருடையதோ. கச்சிதமாக உட்கார்ந்தது.

இறுக்கினார். இன்னொரு முறை இறுக்கினார்.

"போங்க," என்றார்.

வண்டி கிளம்பியது. மைதானத்தின் கேட்டில் வேகத்தடை இருந்தது. வரும்போது அவர் அதைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

வண்டி தூக்கிப் போட்டது.

அந்தப் பெண் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்தாள்.

சேலையை யாரும் பிடித்திருக்கவில்லை.

அவருடைய வலது தோளில் ஐந்து விரல்கள் இறுகின.

முந்தானை கம்பியில் பட்டுப் படபடத்தது.

வண்டி நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.