அந்த ஒரு நம்பர்

"அந்த நம்பரை எடுத்துக் குடும்மா ஷோபனா. அண்ணன் எவ்ளோ நேரம் உக்காந்திருப்பாரு?"

மேனேஜர் மோகன் இப்படிச் சொல்வார் என்று ஷோபனா எதிர்பார்க்கவே இல்லை.

ஜமுனாமரத்தூரில், பெண்பிள்ளைகளின் படிப்புக்காக நடக்கும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. உதவி கேட்டோ தகவல் சொல்லியோ போன் செய்கிறவர்களின் பெயர், ஊர், நம்பர் எல்லாம் ஷோபனாவின் கம்ப்யூட்டரில், மெயிலோடு சேர்ந்த டேட்டாபேஸில் பதிவாகும். வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பதுதான் முதல் விதி. அதைச் சொல்லிக்கொடுத்தவரே மோகன்தான்.

எதிரே அர்ச்சுனன். இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். பத்தாவது படிக்கும் பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். யாரோ இந்த ஆபீசுக்குப் போன் செய்துவிட, போன வாரம் அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

"வாங்க, எடுத்துத் தர்றேன்னு நேத்து போன்ல சொன்னீங்க இல்ல?" என்றார் அர்ச்சுனன். "எவன்னு மட்டும் தெரியட்டும். கைய கால ஒடச்சு புளியமரத்துல கட்டிப் போடறேன்."

"சொன்னா சொன்னதுதாண்ணே" என்று மோகன் சிரித்தார்.

அந்தப் போனை எடுத்தவள் ஷோபனாதான். பேசியது எவனும் இல்லை. வெள்ளையம்மாள். இதே அர்ச்சுனனின் மனைவி.

'எம் பேரு வெளிய வந்துச்சுன்னா என்ன உசுரோட வுடமாட்டாரு பாப்பா' என்று கிசுகிசுத்த குரல் இன்னும் காதிலேயே இருந்தது.

மெயிலைத் திறந்தாள். டேட்டாபேஸை அழுத்தினாள்.

'திறக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" அர்ச்சுனன் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தெரியலைங்க... திறக்கல."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு" என்றார் மோகன்.

பண்ணினாள். பாஸ்வேர்டில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி அடித்தாள்.

"தப்பா அடிக்கிற பாரு. நிதானமா அடி" என்றார் மோகன், அவள் விரலையே பார்த்தபடி.

சண்டாளா!

சரியாக அடித்தாள். திரையில் வட்டம் சுற்றியது. வேடியப்பா சாமி, திறக்கக் கூடாது. வேடியப்பா...

மறுபடி அதே பெட்டி.

"அந்தப் போனை எடுத்தது நீதானே?" அர்ச்சுனனின் குரல் காதருகில் வந்தது. "ஆம்பளையா பொம்பளையா, அதுகூடவா ஞாபகம் இல்ல?"

ஷோபனாவுக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது.

"அதப் போய்க் கேக்கறீங்களே!" மோகன் குறுக்கிட்டார். "காலைல இன்னா சாப்ட்டேன்னு கேட்டாலே மோட்டுவளையப் பாத்து யோசிக்கும். இத வெச்சிக்கினு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

அவமானத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது.

மோகன் அதோடும் விடவில்லை. போளூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ராஜேஷைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

ராஜேஷ் சொல்லச் சொல்ல ஷோபனா செய்தாள். வயரைக் கழற்றிச் சொருகினாள். மெயில் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாள். ஒவ்வொரு முறையும், எங்கே திறந்துவிடுமோ என்று வேடியப்பனைக் கூப்பிட்டாள். திறக்கவே இல்லை.

"டேட்டாபேஸே கெட்டுப்போச்சு சார்" என்றான் ராஜேஷ் கடைசியில். "பழசு ஒண்ணும் இனிமே வராது. யார் வந்து தொட்டாலும் அவ்ளோதான்."

"தூ! ஒரு பேர ஒழுங்கா எழுதி வெக்க வக்கில்ல. இதுக்கு ஒரு ஆபீசு!" அர்ச்சுனன் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியேறினார்.

"அண்ணே, கோச்சுக்காதீங்கண்ணே. ஒரு டீயாவது சாப்ட்டுப் போங்கண்ணே..." மோகன் பின்னாலேயே ஓடினார்.

ஷோபனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கெட்டுப்போன கம்ப்யூட்டருக்கு இருக்கிற இரக்கம்கூட இந்த மேனேஜருக்கு இல்லையே! நாளையிலிருந்து இந்த ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது.

"போய்ட்டாரா மேடம்?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மேசைமேல் மோகனின் போன் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது; ராஜேஷ் லைனில்தான் இருந்தான்.

"போய்ட்டாருங்க."

"அப்பாடா! அழுவாதீங்க மேடம், டேட்டாபேஸ் பத்திரமா இருக்குது. உங்க பேருக்கு மட்டும் திறக்காதபடி பண்ணுன்னு காலைல மோகன் சார்தான் போன் பண்ணாரு. 'ஷோபனாகிட்ட மட்டும் சொல்லிடாத, அதோட மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது'ன்னாரு."