ரோடு தெரியாத கண்ணாடி

மூன்றாவது கண்ணாடியையும் அவள் மேஜையில் திருப்பி வைத்தாள்.

சைக்கிள் கடைக்காரருக்குப் பொறுமை கரைந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்றது டேண்டம் சைக்கிள். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். ஓட்டுவது முன்னால் இருப்பவர். பின்னால் இருப்பவர் மிதிக்க மட்டும்தான். பின் சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சீட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான் அவள் கணவன். வலது முழங்கையில் ஆறாத சிராய்ப்பு.

அவளுக்கும் அதே முழங்கையில்.

"போன வாரம் பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. விழுந்துட்டோம். இனிமே விழக் கூடாது. அதுக்குத்தான் கண்ணாடி." வந்ததும் அவள் சொன்னது அவ்வளவுதான்.

மீதியைச் சொன்னது அவன். பேட்டரி கடை வைத்திருந்தானாம். ஒரு பேட்டரி முகத்துக்கு நேராக வெடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டன. யாரோ பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்த மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, பின் சீட்டுக்கும் ஒண்ணு மாட்டுங்க. நான் தலை சீவணும்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த மனுஷனுக்கு வாய்த்தது இப்படி ஒரு உம்மணாமூஞ்சி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதலில் வளைந்த கண்ணாடியைக் காட்டியிருந்தார். ரோடு மொத்தமும் அடங்கும். "எல்லாம் எறும்பு சைஸ்ல தெரியுது" என்றாள்.

ஹெல்மெட்டில் ஒட்டுகிற கண்ணாடி. "தலை ஆடினா அதுவும் ஆடும்."

அப்புறம்தான் தன் துருப்புச்சீட்டை எடுத்தார். நீளத் தண்டு வைத்த கண்ணாடி. டேண்டத்தில் பெரிய தலைவலியே, எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் பின்னால் இருப்பவர் மறைப்பதுதான். இது அவர் தோளைத் தாண்டி ரோட்டைப் பார்க்கும்.

அதைத்தான் அவள் எல்லாவற்றையும்விட வேகமாகத் திருப்பி வைத்தாள்.

கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்த ஒரு தட்டைக் கண்ணாடியை அவளே குனிந்து எடுத்தாள். குட்டைத் தண்டு. கையகலச் சதுரம்.

"இது."

"மேடம், இது சின்னப் பசங்க வண்டிக்கு. இதுல மாட்டினா ரோடே தெரியாது. சார்தான் முழுசாத் தெரிவார்."

"மாட்டுங்க."

மாட்டினார். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். விரலெல்லாம் கிரீஸ்.

அவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் ரோடு ஒரு கீற்றுகூட இல்லை. கணவனின் முகம் மட்டும் இருந்தது.

"அப்புறம் லாரி வந்தா எப்படிம்மா தெரியும்?" மேடம் அவரையறியாமல் அம்மாவாகியிருந்தது.

அவள் இறங்கிக் கடைக்குள் வந்தாள். "டயர்ல காத்து கம்மியா இருக்கு. மெஷினைப் போடுங்க."

டயர் கல் மாதிரி இருந்தது. ஆனால் அவள் பார்த்த பார்வையில் அவர் கம்ப்ரஸர் சுவிட்சைத் தட்டினார். கடை அதிர்ந்தது. அவள் அவர் காதருகே வந்தாள்.

"அந்த லாரி எங்களை இடிக்கலைங்க. அது வர்ற சத்தம் கேட்டதும் இவர்தான் ரோட்டுப் பக்கமா சாஞ்சார். லாரிக்காரர் ஒடிச்சுத் திருப்பினதால தப்பிச்சோம்."

டேண்டத்தில் ஒருவர் சாய்ந்தால் இருவரும் சாய வேண்டியதுதான். அது அவருக்குத் தெரியும்.

"வீட்லயே இருக்கச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"தனியா விட இன்னும் பயமா இருக்கு. சாயறதுக்கு முன்னாடி பேச்சை நிறுத்தினார். அந்த நேரம் முகத்தைப் பார்த்திருந்தா பிரேக்கைப் பிடிச்சிருப்பேன். லாரி வர்றது எனக்கும்தான் காதுல கேக்கும். கேக்கறப்போ..."

டாங்க் நிறைந்துவிட்டது. நிறைந்தால் கம்ப்ரஸர் தானாக நிற்கும். இப்போதும் நின்றது.

"...இவர் மூஞ்சி எப்படி மாறுதுன்னுதான் நான் பார்க்கணும்."

நிசப்தத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் கணீரென்று விழுந்தது.

வாசலில் தாளம் நின்றது.

அவள் வெளிறிப்போய்த் திரும்பினாள்.

"என்னண்ணே, காத்தடிக்கச் சொன்னா கதையடிக்கறீங்களா?" அவன் சிரித்தான். தாளம் மறுபடி ஆரம்பித்தது.

அவனுக்குக் கேட்கவில்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது. கிரீஸ் கையைக் கழுவ உள்ளே குழாயடிக்குப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவன் சீட்டை விட்டு இறங்கினான்.

வண்டியின் கம்பியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தான். ஹேண்டில். தண்டு. கண்ணாடி. விரல்கள் அதன் விளிம்பைச் சுற்றி வந்து, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நிதானமாக அளந்தன.

கடைக்காரர் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா டைட்டா மாட்டியிருக்கீங்கண்ணே" என்றான் அவன், தாழ்ந்த குரலில். தடவிக்கொண்டே திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினாள். பெடலில் கால் வைக்கும்போதே தெருமுனையில் லாரியின் உறுமல் கேட்டது.

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

பின் சீட்டில் அவன் முகத்தை மெல்ல நிமிர்த்தினான். சற்றே வலப்பக்கம் திருப்பினான். கண்ணாடிக்கு நேராக வந்ததும் நிறுத்தி, போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்தான்.

வந்ததிலிருந்து முதல் முறையாக அவளும் சிரித்தாள். வண்டி ரோட்டில் இறங்கியது.

"அம்மா, நில்லுங்க" என்று கடைக்காரர் வாசலுக்கு ஓடினார். லாரி சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.