வீம்பும் வைஃபையும்

"ஏங்க, வைஃபை வரமாட்டேங்குது."

மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் திறந்துவிட்டது! அவருக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. பேப்பரை மெதுவாக மடித்து வைத்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனைவியின் மேஜைக்குப் போனார்.

சண்டையே அந்த லேப்டாப்பால் வந்ததுதான். கல்யாணமான புதிதில் அவரே வாங்கிக் கொடுத்தது. இப்போது கிழமாகிவிட்டது. அதில்தான் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். 'பேரீச்சம்பழத்துக்குக்கூடத் தேறாது' என்று வாய் சும்மா இராமல் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோனது.

எந்தச் சண்டையிலும் முதலில் இறங்கி வருவது அவர்தான். இந்தத் தடவை அவளே வரட்டும் என்று ஒரு குறும்பு செய்தார்.

ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிற மனுஷன். வீட்டு ரவுட்டரின் பாதுகாப்பு முறையை ஆகப் புதியதாக மாற்றிவிட்டார். போன்களுக்கு அது புரியும். அந்தக் கிழத்துக்குப் புரியாது. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் 'இணைக்க முடியவில்லை' என்றே சொல்லும்.

அவள் வரவில்லை. வழக்கமாக டியூஷன் நேரத்தில் திறந்திருக்கும் அறைக்கதவு நேற்று சாத்தியே இருந்தது. ஐயோ, என்னால் வகுப்பு போச்சே என்று அவருக்கு ஒரே உறுத்தல்.

இப்போது வந்துவிட்டாள்!

உடனே சரிசெய்தால் குட்டு உடைந்துவிடும். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தார். தாடையைத் தடவினார். அவள் டீ போட உள்ளே போன சமயம் பார்த்து, தன் போனிலிருந்து ரவுட்டரை மாற்றினார். பழசும் புதுசும் சேர்ந்து ஓடுகிற முறைக்கு.

அப்பாடா, இணைந்தது.

சோதித்துப் பார்க்க அவளுடைய வகுப்புப் பக்கத்தைத் திறந்தார். நேற்றைய பாடம் முழுசாக அங்கே இருந்தது. பலகை நிறையப் பின்னங்கள். கீழே பிள்ளைகள் வரிசையாக 'பை மிஸ்' போட்டிருந்தார்கள்.

அதெப்படி?

வைஃபை பட்டியலைப் பார்த்தார். லேப்டாப் நினைவில் வைத்திருந்த இணைப்புகளில் முதலாவதாக அவளுடைய போனின் பெயர். ஹாட்ஸ்பாட் போட்டு வகுப்பை ஜாம் ஜாமென்று நடத்தியிருக்கிறாள், கள்ளி! வீட்டு வைஃபை அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

அப்புறம் எதற்கு வந்து கூப்பிட்டாள்?

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பட்டியலைச் சட்டென்று மூடினார்.

இரண்டு டீயோடு வந்தவள் ஆச்சா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

"லேப்டாப் தங்கம். ரவுட்டர்தான் வீம்பு பிடிக்குது. நேரமாகும், இப்படிப் பக்கத்துல உக்காரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் இணைந்துவிட்ட குறி பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்காத மாதிரி டீ குடித்தார்கள்.