மூன்று சனிக்கிழமை

"ஆமா, அனுப்பல. எழுதிக்கோங்க."

நீதிபதி அம்மா கேள்வியை முடிக்கக்கூட இல்லை. யாஸ்னா பதில் சொல்லிவிட்டாள்.

எழுதிக்கொண்டேன். சிலியின் தெற்கே இந்தத் துறைமுக ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருஷமாக வாக்குமூலம் தட்டச்சு செய்கிறேன். பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. இவ்வளவு திமிரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வழக்கு சின்னதுதான். ஒன்பது வயது மகள் ரயேனை சனிக்கிழமைதோறும் அவள் அப்பா எர்வின் வந்து கூட்டிப்போகலாம் என்பது உத்தரவு. மூன்று சனிக்கிழமையாக அது நடக்கவில்லை. "அம்மா என்னை அப்பாகூட விடமாட்டேங்கறாங்க" என்று பிள்ளை வகுப்பில் அழுதிருக்கிறாள். டீச்சர் கோர்ட்டுக்கு எழுதிவிட்டார்.

பிள்ளை இப்போது வெளியே பெஞ்சில் இருந்தாள். மழையில் ஊறிப்போன கதவை எவ்வளவு இழுத்தும் முழுசாகச் சாத்த முடியவில்லை.

"மெதுவாப் பேசும்மா. எங்களுக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார் நீதிபதி.

"சிப்பி ஆலையில வேலை, ஜட்ஜம்மா. என் குரலே இப்படித்தான்."

"முதல் சனிக்கிழமை ஏன் அனுப்பல?"

"உத்தரவுல 'ஒன்சே'ன்னு இருந்துச்சு. சாயங்கால டீக்குன்னு நினைச்சேன். இவர் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாராம். நான் சாயங்காலம் ரொட்டியும் அவகாடோவும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எங்கள் மொழியில் ஒன்சே என்றால் பதினொன்று. சாயங்கால டீக்கும் அதே பேர்தான். ஆனால் அந்த உத்தரவை அடித்தவனே நான். 'காலை' என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும். சரி, ரெண்டாவது சனிக்கிழமை?"

"வேலிக்கு வெளியே நின்னு 'அலோ, அலோ'ன்னு கூப்பிட்டார். நாய் குரைச்ச குரைப்புல எனக்குக் கேக்கல."

"கேக்கலன்னா, கூப்பிட்டார்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"மூணாவது?"

"அது வேணும்னே செஞ்சது. கேட்டைப் பூட்டிட்டேன். ஆத்திரம்."

எர்வின் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். பாவம், இவளோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினானோ என்று நினைத்துக்கொண்டேன்.

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மூணு தடவையும் போனீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் யாஸ்னா எழுந்துவிட்டாள்.

"அவரை ஏன் கேக்கறீங்க? வந்தார். மூணு தடவையும் வந்தார். பிள்ளை மேல உசிரா இருக்கற மனுஷன், வராம இருப்பாரா? தப்பு என்னுது. நான்தான் ஒத்துக்கறேனே, அப்புறம் என்ன?"

இதையும் கத்தித்தான் சொன்னாள். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"உக்காரும்மா. இன்னொரு தடவை உத்தரவை மீறினா உள்ளே போட வேண்டி வரும்."

"போடுங்க."

"செஞ்சதுக்கு வருத்தமாவது உண்டா?"

"இல்ல. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

அழுத்தமாகத் தட்டினேன். தவறிப்போன மூன்று நாளுக்கு ஈடாக அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை அப்பாவோடு இருக்கலாம், தாய்க்குக் கடும் எச்சரிக்கை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து உள்ளே போனார்.

கையெழுத்து வாங்கக் காகிதத்தோடு அவர்கள் பக்கம் போனேன். எர்வின் தலை நிமிராமல் கிறுக்கினான். யாஸ்னா பேனாவை வாங்கிக்கொண்டு கதவு இடுக்கைப் பார்த்தாள். பெஞ்சில் ரயேன் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். யாஸ்னா அவன் காதருகே குனிந்தாள். அவளுக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இந்தச் சனிக்கிழமையாவது வந்துடு, எர்வின். நாலாவது பொய் என்கிட்ட இல்ல."