முந்தி வந்த பிறந்தநாள்

ஜெர்மனியின் ஹம் நகரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எறும்பு இருமினால் பக்கத்துத் தெருவில் யன்னல் சாத்துவார்கள்; அவ்வளவு அமைதி. யாமினி காகிதத் தொப்பியோடு மேசையருகில் இருக்கிறாள். சுற்றிலும் வெறும் கதிரைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தொப்பி, நடுவில் ரோல்ஸும் கேக்கும். சாம்பல் வெளிச்சம் கேக்கின் கிறீமில் படிந்து கிடக்கிறது. அவளின் பிறந்தநாள் உண்மையில் புதன்கிழமைதான். அன்றைக்கு அம்மா சுலோஜனாவுக்கு வேலை. அதனால் எங்கட ஆக்கள் செய்கிற மாதிரி லீவு நாளில் கொண்டாட்டத்தை முந்தியே வைத்துவிட்டாள். முந்தி வாழ்த்தினால் கெடுதல் வரும் என்பது ஜெர்மன்காரரின் சாத்திரம். பிந்தி வருகிற ரயிலை மன்னிப்பார்கள், முந்தி வருகிற பிறந்தநாளை மன்னிக்கமாட்டார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. "புதனுக்கு மாத்த ஏலாதோ, அம்மா?" "லீவு தரமாட்டாங்கள், குஞ்சு." சுலோஜனா ஆறிப்போன ரோல்ஸைத் திரும்பவும் சூடாக்குகிறாள்.

அழைப்பு மணி அடிக்கிறது. யாமினி பறக்கிறாள். வாசலில் மேல்வீட்டு ஜெர்மன்காரி ஃப்ராவ் பெக்கர், வாழ்த்துத் தவறி விழுந்துவிடாதபடி உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு பார்சலை நீட்டுகிறாள். "புதன்கிழமைதான் பிரிக்கவேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போகிறாள். யாமினி அந்தப் பார்சலை எதிர்க் கதிரையில் இருத்துகிறாள். அதற்குத் தொப்பி போடுகிறாள். பிறகு கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அதன் முன்னால் வைக்கிறாள்.