இடது கை வசதி

"வலது கை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கும்மா. ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம். தீசிஸ் குடுக்க மூணு வாரம்தான் இருக்கு." போனில் மகளின் குரல் கரகரத்தது.

"அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

"வேணாம். இந்தப் படிப்புக்கு நான் கிளம்பினப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டவர்தானே? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. அவர் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழட்டும். எனக்கு என் ப்ளக்-இன்காரர் போதும்."

"அது யாருடி?"

"நீதானேம்மா எங்கேயோ பாத்தேன்னு லிங்க் அனுப்பினே? நான் தட்டுற சமன்பாட்டையெல்லாம் அச்சுப் புத்தகம் மாதிரி அடுக்கித் தருதே, அந்தக் குட்டி ப்ரோகிராமை எழுதினவர். பேரு, ஊரு எதுவும் தெரியாது. ஒரு குறைன்னு எழுதிப் போட்டா மறுநாளே சரி பண்ணிடுவார். பெத்தவருக்குக்கூட அந்த அக்கறை கிடையாது."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கையைப் பத்தி அந்த ப்ளக்-இன்காரருக்கு எழுதினியா?"

"இன்னும் இல்ல. டாக்டருக்கும் உனக்கும்தான் தெரியும்."

மறுநாள் காலை ப்ளக்-இன்னின் புதிய பதிப்பு வந்திருந்தது. என்ன மாற்றம் என்று சொல்லும் குறிப்பில் ஒரே ஒரு வரி: 'இனி எல்லாச் சமன்பாடுகளையும் இடது கையால் மட்டுமே தட்டச்சு செய்யலாம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு இடது கையால் போனை எடுத்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட குடு."