அம்மாகிட்டதான் வளரணும்

"பொம்பளைப் பிள்ளை அம்மாகிட்டதான் மேடம் வளரணும். எப்படியாவது அப்பீல் போட்டு இந்தத் தீர்ப்பை மாத்திடுங்க."

உட்காரச் சொல்வதற்கு முன்பே அவள் தீர்ப்பு நகலை மேஜைமேல் வைத்துவிட்டாள். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். விவாகரத்து முடிந்து இரண்டு வருடம். குழந்தை யாரிடம் என்ற வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போய், போன வாரம்தான் முடிந்திருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை. அப்பாவிடமே இருக்கட்டும் என்று குடும்பநல நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அப்பீலுக்கு இன்னும் கெடு இருக்கு. ஆனா வலுவான காரணம் வேணும். அவர் குடிப்பாரா?"

"சேச்சே! காபிகூடத் தொடமாட்டார்."

"குழந்தையை அடிப்பாரா?"

"அடிக்கிறதா? தரையில விடமாட்டார் மேடம்!" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம 'குட்டிம்மா'ன்னுதான் கூப்பிடுறார். அவளும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கிறா. எதிர்ல ஒரு மனுஷி நிக்கிறது ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியறதில்ல."

குழந்தையைப் பார்க்கப் போகும் நாட்களைச் சொல்கிறாள் என்று வக்கீல் தாமாகவே முடிவு செய்து குறித்துக்கொண்டார்.

"அவருக்குத் தலை பின்னத் தெரியாது. கோணல்மாணலா ஏதோ பின்னி விட்டுட்டு, ரெண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நான் பின்னி விடறேன்னு போனா, 'அப்பாதான் பின்னணும்'னு தலையை இழுத்துக்கிறா. வயிறு எரியுது மேடம்."

"எரியத்தான் செய்யும்மா." வக்கீல் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கும் ஒரு மகள் உண்டு. வெளியூரில் படிக்கிறாள். அப்பாவுக்குத்தான் முதலில் போன் போடுவாள். "ஆனா இதையெல்லாம் மேல்கோர்ட்ல சொன்னா, 'இவ்வளவு நல்ல அப்பாவா'ன்னு ஜட்ஜே உருகிடுவார். நமக்கு ஆகாது."

வக்கீல் தீர்ப்பு நகலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அம்மாவுக்கு நிலையான வேலை இல்ல, தனி வீடு இல்லன்னு எழுதியிருக்காங்களே?"

"இப்ப ரெண்டும் இருக்கு மேடம்! துணிக் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. பள்ளிக்கூடத்துக்கு எதிர் சந்துலயே வீடு. மாடியில ரெண்டு ரூம்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? நிலைமை மாறிடுச்சுன்னு தைரியமா வாதாடலாம். பெத்தவகிட்ட பிள்ளை போய்ச் சேர நல்ல வாய்ப்பு இருக்கு."

அவள் முகம் முதன்முறையாக மலர்ந்தது. மேஜைக்குக் குறுக்கே எட்டி வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அழாதீங்கம்மா. நாளைக்குக் காலையில வந்து மனுவுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"நானா?" அவள் கையை விலக்கிக்கொண்டாள். "நான் எப்படி மேடம் போட முடியும்? பெத்தவதானே போடணும்? பாவம், தோத்ததுலேயே அவ ஓஞ்சு போயிட்டா. நீங்கதான் கூப்பிட்டுப் பேசிச் சம்மதிக்க வைக்கணும். நான் இங்க வந்தது மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப... நீங்க யாரும்மா?"

"அவரோட இப்போதைய சம்சாரம் மேடம். கல்யாணமாகி ஆறு மாசமாச்சு, இன்னும் ஒரு நாள்கூட அந்தக் குட்டிம்மா நடுவுல இல்லாம நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல."